ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. 2023 பிப்ரவரியில் மெல்பர்னில் வந்து இறங்கினேன். பொதுச் சுகாதாரத்தில் இரண்டு வருட முதுகலை முடித்து, இப்போது இங்கேயே வேலை பார்க்கிறேன். டிசம்பர் வந்துவிட்டால் சித்தி மகன், தோழியின் தங்கை, அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகள் என்று யாராவது போனில் கூப்பிட்டு, "அக்கா, என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்கிறார்கள். பெட்டியில் வைப்பதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நான் ஒரு வருடம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட விஷயம் வேறு. இந்த ஊரில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஒரு கெடுவும் இருக்கிறது. அதை நம்மைத் தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சுலபமாக வராது. கீழே நான் எழுதுவதெல்லாம் எங்கே, எப்போது, என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

கிளம்பும் முன்

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவின் எண் 500. 2025 ஜூலை 1 முதல் விண்ணப்பக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. ஒரு வருடம் வாழ்வதற்கு 29,710 டாலர், அதற்கு மேல் முதல் வருடக் கட்டணம், விமானச் செலவு, இவ்வளவும் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு, படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டியிருக்கும். ஏஜென்ட் எழுதித் தருவதை அப்படியே ஒட்டாதீர்கள். பத்துப் பேருக்கு ஒரே பதிலைக் கொடுக்கிற ஏஜென்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் கமிஷன் தருகிறது. அதனால் அவர் சொல்லும் பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகங்களின் இணையதளங்களையும் நீங்களே ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். முதன்மைப் படிப்பில் சேர்ந்த முதல் 6 மாதத்துக்குள் வேறு கல்லூரிக்கு மாறுவது கடினம், சேர்ந்த இடத்தின் அனுமதி வேண்டும். "முதல்ல போயிடலாம், அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா முடியும் நாள் வரைக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டில் பல்லும் கண்ணாடியும் பொதுவாக வராது. ஆகவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே அடைத்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்தை நான் செய்யாமல் வந்து, ஒரு கடைவாய்ப் பல்லுக்காக இரண்டு மாத வாடகை அளவுக்குச் செலவழித்தேன். தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுவராதீர்கள். டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும், ஆங்கிலத்தில்.

இனி பெட்டி. அம்மா எனக்குப் பால்கோவா இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் வேறு எதைக் கொடுப்பார்கள்? விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். நான் "ஆம்" என்று குறித்தேன். சுங்கத்தில் இருந்த பெண் அதிகாரி பெட்டியைத் திறந்து, மல்லிப்பொடி, சாம்பார்பொடி, புளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பால்கோவாவை மட்டும் எடுத்துவிட்டார். நம் நாட்டுப் பால் பொருளை உள்ளே விடமாட்டார்கள், கால்நடை நோய் பயம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அபராதம் எதுவும் இல்லை. சொன்னால் பொருள் மட்டும்தான் போகும். மறைத்தால் பெரிய அபராதம், விசாவே ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், முளைக்கிற விதை, நெய், பால் இனிப்பு, இவை வேண்டாம். பொடி வகைகளைக் கொண்டுவரலாம், ஆனால் உணவு என்று எதுவிருந்தாலும் "ஆம்" என்று குறித்துவிடுங்கள். அடியில் அகலமான, இண்டக்ஷன் அடுப்பிலும் நிற்கிற குக்கர் ஒன்று கட்டாயம் எடுத்து வாருங்கள். குளிருக்குக் கோட்டு வாங்கச் சென்னையில் அலையாதீர்கள். இங்கே பழைய துணி விற்கும் தர்மக் கடைகள் ஊரெங்கும் உண்டு. மெல்பர்னின் பிரன்ஸ்விக் பகுதியில் சிட்னி ரோட்டில் அப்படி ஒரு பெரிய கடையில் வாங்கிய கம்பளிக் கோட்டுதான் மூன்று குளிர்காலமாக என்னிடம் இருக்கிறது.

வீடு

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இதைவிட முக்கியமாக வீட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பாண்ட் (அட்வான்ஸ்) அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்று ஒருவர் என் தோழியிடம் 1,200 டாலர் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார். படங்கள் எல்லாம் வேறு யாரோ விற்பதற்காகப் போட்டிருந்த வீட்டுப் படங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ, தெரிந்தவர் வீட்டிலோ, பொதுத் தங்குமிடத்திலோ இருந்துகொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

வாடகை வாரக் கணக்கு. வாரம் 250 என்றால் மாதம் 1,000 என்று நினைத்துவிடுவோம். வருடத்துக்கு 52 வாரம், ஆகவே மாதம் சுமார் 1,083 வரும். அறையைப் பார்க்கப் போகும்போது கரண்ட், கேஸ், இன்டர்நெட் வாடகையில் சேர்ந்ததா என்று வாய் திறந்து கேளுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அந்தப் பதிலின் மதிப்பு தெரியும். அறையில் ஹீட்டர் இருக்கிறதா, ஜன்னல் இறுக மூடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இங்குள்ள பழைய வீடுகளின் உள்ளே வெளியில் இருப்பதைவிடக் குளிராக இருக்கும்.

பாண்ட் என்பது நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி. ஆனால் விக்டோரியா மாநிலத்தில் அது வீட்டுக்காரர் கையில் இருக்கக் கூடாது. அதற்கென்று அரசின் பாண்ட் ஆணையம் இருக்கிறது. 10 வேலை நாளுக்குள் அவர் அங்கே கட்ட வேண்டும், உங்களுக்கு ரசீது வர வேண்டும். வரவில்லையென்றால் கேளுங்கள். வீட்டுக்குள் போகும் அன்றே சுவர்க் கீறல், கார்ப்பெட் கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீட்டு நிலை அறிக்கையில் எழுதி 5 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். நான் முதல் வீட்டில் இதைச் செய்யவில்லை. எனக்கு முன்பு இருந்தவர் போட்ட இஸ்திரிப்பெட்டிக் கறைக்கு நான் காசு கொடுத்தேன். முகவரி மாறினால் 7 நாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்பது விசா நிபந்தனைகளில் ஒன்று. ஆன்லைனில் இரண்டு நிமிட வேலை, மறந்துவிடாதீர்கள்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்பர்னில் உள்ளூர் மாணவர்களுக்குக் கிடைக்கும் பாதிக் கட்டண டிக்கெட் நமக்குப் பொதுவாகக் கிடைக்காது. பிரிஸ்பேன் பக்கம் படிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்டிலிருந்து பஸ், ரயில், படகு எதில் போனாலும் 50 சென்ட்தான். நான் மெல்பர்னின் கோபர்க் பகுதியில் இருந்தேன், 19ஆம் எண் டிராம் வாசலிலிருந்து நகரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் ஒரே வண்டியில் போகிற இடமாகப் பாருங்கள். ராத்திரி வேலை முடிந்து இரண்டு வண்டி மாறி வருவது ஜூலைக் குளிரில் தாங்காது.

வகுப்பறை

முதல் நான்கு வாரம் ட்யூட்டோரியல் என்ற சிறு குழு வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. ஊரில் அது நல்ல பிள்ளையின் அடையாளம். இங்கே பங்கேற்புக்கு மட்டும் அந்தப் பாடத்தில் 10 மார்க் இருந்தது. ஐந்தாம் வாரம் ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எழுதிக் கொடுத்ததில் இருக்கிற யோசனை வகுப்பில் ஏன் வருவதில்லை?" என்று கேட்டார். ஆங்கிலம் தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயம் என்றேன். அவர் சொன்ன வழியைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். வகுப்புக்கு முன் படிக்கச் சொன்னதில் ஒன்றையாவது முழுதாகப் படித்து, இரண்டு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகப் பேச்சு வேகமெடுக்கும், அப்புறம் நுழைய இடம் கிடைக்காது. ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "சார்", "மேடம்" வேண்டாம். எனக்கு அது நாவில் வர ஒரு செமஸ்டர் ஆனது.

மார்க் விஷயத்தில் மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். 50 எடுத்தால் பாஸ். எங்களிடம் 80க்கு மேல் எடுத்தாலே மிக உயர்ந்த தரம். சில பல்கலைக்கழகங்களில் அது 85. முதல் கட்டுரைக்கு எனக்கு 66 வந்தது. பிளஸ் டூவில் 93 சதவீதம் எடுத்தவள், ராத்திரி முழுதும் தூங்கவில்லை. பிறகுதான் வகுப்பில் பாதிப் பேர் அதற்குக் கீழே என்று தெரிந்தது. மார்க் குறைந்தால் ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போய், மதிப்பீட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வரிசையில் அடுத்த கட்டத்துக்குப் போக நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். மார்க்கைக் கூட்டச் சொல்லிக் கேட்பதைவிட அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். என் அடுத்த கட்டுரை 78.

இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது அடுத்தது. முதல் செமஸ்டரில் ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்து எழுதி, கடைசியில் ஆசிரியர் பெயரையும் வருடத்தையும் போட்டேன். பெயர் போட்டுவிட்டோமே, போதும் என்று நினைத்தேன். ஒத்துப்பார்க்கும் மென்பொருள் காட்டிக்கொடுத்தது. கல்வி நேர்மை பற்றி ஒரு கடிதம் வந்து, விசாரணைக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் முறை என்பதால் திருத்தி எழுத வைத்துப் பாஸ் மார்க் மட்டும் கொடுத்தார்கள். விதி இதுதான்: அடுத்தவர் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி வேண்டும், கருத்தை மட்டும் எடுத்தால் மூலத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் சொற்களில் எழுத வேண்டும், இரண்டுக்கும் மூலத்தைக் காட்ட வேண்டும். நூலகத்தில் இதற்கென்றே இலவச வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது பாடத்துக்குப் பாடம், அசைன்மென்ட்டுக்கு அசைன்மென்ட் மாறும், கேள்வித்தாளிலேயே போட்டிருக்கும். எதுவாக இருந்தாலும் உங்கள் முதல் வரைவு, இரண்டாம் வரைவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் அவைதான் சாட்சி. காசுக்கு அசைன்மென்ட் எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை உடனே தடுத்துவிடுங்கள். அந்தத் தொழிலையே 2020இல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு, "உன் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கதைகளும் நடக்கின்றன.

கெடு தேதிகளில் இரண்டைக் காலண்டரில் சிவப்பில் குறியுங்கள். ஒன்று சென்சஸ் தேதி. எங்களுக்கு மார்ச் 31, ஆகஸ்ட் 31. அதற்குள் ஒரு பாடத்தை விட்டுவிட்டால் கட்டணமும் இல்லை, மார்க் பட்டியலில் தோல்வியும் இல்லை. அதற்குப் பிறகு விட்டால் ஆயிரக்கணக்கான டாலர் போய்விடும். ஆனால் பாடத்தைக் குறைத்தால் விசா காலத்துக்குள் படிப்பு முடியுமா என்ற கேள்வி வரும். ஆகவே விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் ஆலோசகரைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது, சிறப்புச் சலுகை கேட்கும் கெடு. இதை எழுதும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. இரண்டாவது செமஸ்டர் ஒன்பதாம் வாரம் அம்மாச்சி இறந்துவிட்டார். போக முடியவில்லை. காரியம் நடக்கும்போது போனில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் கழித்து அசைன்மென்ட் கெடு. யாரிடமும் எதுவும் சொல்லாமல், பாதி எழுதியதை அப்படியே கொடுத்தேன். 51 வந்தது. பல மாதம் கழித்து ஒரு பேச்சில் அந்த ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர், "ஒரு படிவம் நிரப்பியிருந்தால் இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்திருப்போமே, ஏன் சொல்லவில்லை?" என்றார். வீட்டுத் துக்கத்தை ஆபீசில் போய்ச் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, விபத்து, மனம் சரியில்லை, எதுவானாலும் அதற்கென்று ஆன்லைன் படிவம் உண்டு. டாக்டர் சீட்டோ இறப்புச் சான்றோ வைக்க வேண்டும், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு. ஆனால் விண்ணப்பிக்கக் கொடுக்கும் கெடு மிகக் குறுகியது. உங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை நாள் என்று முதல் வாரமே பார்த்து எழுதி வையுங்கள். படிவம் போடாமல் தாமதமாகக் கொடுத்தால் நாளுக்கு 5, 10 சதவீதம் என்று மார்க் குறையும்.

வேலை

படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். செமஸ்டர் விடுமுறையில் கட்டுப்பாடு இல்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன் வேலை செய்யக் கூடாது. இந்த 48ஐப் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு வாரம் என்பது எந்தத் திங்கள்கிழமையிலிருந்தும் எண்ணும் 14 நாள். முதல் வாரம் 15 மணி, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20 என்று செய்தால், முதல் இரண்டு வாரம் 45, சரிதான். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 50, விதி மீறல். கையில் காசாக வாங்கினாலும் மணிக்கணக்கில் சேரும்.

வரி எண் இலவசம். வந்த வாரமே வரித்துறை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், காசு கேட்கிற இணையதளங்களிடம் போகாதீர்கள். 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத வேலைக்கு அதோடு 25 சதவீதம் சேர்த்து 31.19. ஒவ்வொரு ஜூலையிலும் இது மாறும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பல துறைகளில் கூலி குறைவு, சனி ஞாயிறுக்குப் பல துறைகளில் கூடுதல். உங்கள் வேலைக்கு எவ்வளவு என்று, வேலைச் சட்டங்களைக் கவனிக்கும் அரசின் ஃபேர் வொர்க் அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம்மவர் நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தேன். மணிக்கு 14 டாலர், கையில் காசு, சம்பளச் சீட்டு கிடையாது. ஏழு மாதம் பாத்திரம் தேய்த்தேன், தோசை ஊற்றினேன். கூலியைப் பற்றி ஒரு நாள் கேட்டதற்கு அவர், "நம்ம ஊர்ப் பிள்ளையாச்சேன்னுதான்மா வேலை குடுத்தேன். வெளிய போய்க் கேட்டுப் பாரு, யாரு குடுப்பா?" என்றார். அதைக் கேட்டு நானும் நன்றியோடு இன்னும் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். என்னைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். ஊரில் அப்பா பால் கணக்கு எழுதுவது மாதிரி, ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மாணவர் சங்கத்தில் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு என்று வீட்டில் கூட இருந்த பெண் சொல்லி, அந்த நோட்டோடு போனேன். அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்ததும் கடைக்காரர் பேச வந்தார். வர வேண்டியதில் பெரும்பகுதி வந்தது. விசாவுக்கு எதுவும் ஆகவில்லை.

சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். வேண்டுமென்றே கூலியைக் குறைப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றம். "சொந்தமாக ஒரு வணிக எண் எடுத்துக்கோ, அதில் பணம் போடுகிறேன்" என்று கடையிலோ துப்புரவு வேலையிலோ சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். நேரத்தையும் வேலையையும் அவர்களே தீர்மானித்துவிட்டு உங்களை ஒப்பந்தக்காரர் என்று காட்டினால் ஓய்வூதிய நிதி, குறைந்தபட்சக் கூலி எல்லாம் போய்விடும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்பு எண்ணில் தமிழ் கேளுங்கள், தமிழில் பேசுகிற ஒருவரை இணைத்துத் தருவார்கள். முடிந்தவரை இரண்டாவது வருடத்தில் படிப்போடு தொடர்புள்ள வேலைக்கு மாறப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நூலகம், திறந்த நாள், ஆய்வு உதவி என்று வேலைகள் வரும். கூலியும் நன்றாக இருக்கும்.

உடம்பும் மனசும்

காய்ச்சல் வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. முதலில் குடும்ப டாக்டர். பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலேயே கிளினிக் இருக்கும். நேரம் வாங்கும்போதே "என் காப்பீட்டுக்கு நேரடி பில் உண்டா?" என்று கேளுங்கள். இருந்தால் கையிலிருந்து கட்ட வேண்டாம், இல்லையென்றால் கட்டிவிட்டுப் பிறகு ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 000.

ஜூன் மாதம் மெல்பர்னில் ஐந்தே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டு எனக்குப் புதுசு. மூன்று வாரம் வகுப்பும் அறையுமாக இருந்து, அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இலவச ஆலோசகர்கள் உண்டு, போங்கள். நடுராத்திரியில் யாரும் இல்லையென்றால் லைஃப்லைன் 13 11 14. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கோ சன்ஷைன் நார்த் முருகன் கோயிலுக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் தமிழ் காதில் விழும், எனக்கு அது மருந்தாக இருந்தது. சிட்னியில் இருப்பவர்களுக்கு வென்ட்வொர்த்வில், டூங்கேபி பக்கம் போனாலே போதும்.

சமையலைக் கற்றுக்கொண்டு வாருங்கள், ஆணோ பெண்ணோ. காய்கறிக்கு நான் குயின் விக்டோரியா சந்தைக்குப் போவேன். திங்களும் புதனும் விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் மூடும் நேரத்தில் பெட்டி பெட்டியாக விலை குறைப்பார்கள். மளிகைக்கு டான்டினாங். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவை வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். இதை எனக்குச் சொன்னது யாழ்ப்பாணத்துக்கார அக்கா ஒருவர். அவரிடமிருந்துதான் இந்த ஊரில் பாதி விஷயம் தெரிந்துகொண்டேன்.

போனில் வரித்துறை, குடிவரவுத் துறை, போலீஸ் என்று சொல்லி உடனே பணம் கட்டு என்று மிரட்டினால் வைத்துவிடுங்கள். "உன் கட்டணத்தை நான் தள்ளுபடியில் கட்டித் தருகிறேன்" என்று சொல்கிறவர் திருட்டு அட்டையில்தான் கட்டுவார். பணம் பிறகு ரத்தாகும், உங்களுக்குப் பாக்கி நிற்கும்.

கடைசி செமஸ்டர்

படிப்பு முடிந்து 6 மாதத்துக்குள் பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதன் எண் 485. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு வயது வரம்பு 35. இந்தியர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி முதுகலைக்கு 3 வருடம் வரை கிடைக்கும். இங்கே வருமான வரிக் கணக்கு ஜூன் 30இல் முடியும், அக்டோபர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். வரித்துறையின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

பலரும் விட்டுவிட்டுப் போகிற பணம் ஒன்று இருக்கிறது. முதலாளி உங்கள் கூலிக்கு மேல் 12 சதவீதம் ஓய்வூதிய நிதியில் கட்டுகிறார். ஊருக்கே திரும்பிப் போய், விசாவும் முடிந்துவிட்டால் அதைத் திரும்பக் கேட்கலாம், ஒரு பகுதியை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அதுவும் நீங்கள் விண்ணப்பித்தால்தான் வரும். ஒவ்வொரு முதலாளியிடமும் வேறு வேறு நிதியைக் கொடுத்தால் பணம் சிதறிப்போகும், முதல் வேலையில் எடுத்த நிதியின் எண்ணையே எல்லாரிடமும் கொடுங்கள். அந்தக் கணக்குக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் படிப்பு முடிவதற்கு முன்பே சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். ஆஸ்திரேலிய சிம்மையும் பணம் கைக்கு வரும்வரை அணைக்க வேண்டாம், சரிபார்க்கும் எண் அந்தப் போனுக்குத்தான் வரும்.